வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்க

பெனெதோ ஊரில் யாருக்கு எது தேவைப்பட்டாலும், அதைப் போய்க் கேட்டு வருகிறவள் பெல்மீரா. வேலைக்கு அவள் தபால்காரி. மலைமேல் இருக்கிற அந்த ஊருக்கும் கீழே இருக்கிற நகரத்துக்கும் நடுவே தினம் ஏழு கிலோமீட்டர் போய், ஏழு கிலோமீட்டர் வருவாள். பையின் எடை ஒன்பது கிலோ. ஆனால் கடிதங்களைவிட அவள் அதிகம் சுமந்தது அடுத்தவர்களுடைய வேண்டுதல்களைத்தான். ஒருத்திக்குப் பக்கத்து ஊரிலிருந்து உழவு மாடு இரண்டு நாள் இரவல் வேண்டும். ஒருவனுக்கு டாக்டர் மலையேறி வந்து அவன் தாயைப் பார்க்க வேண்டும். இன்னொருவனுக்கு, பங்குச் சாமியார் பழைய சண்டையை மறந்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். தாங்களே போய்க் கேட்க எல்லோருக்கும் கூச்சம். பெல்மீராவைத்தான் அனுப்புவார்கள்.

போர்ச்சுக்கல்லின் அந்த மலைப் பக்கத்தில் உதவி கேட்பது என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. வேலிக்கு வெளியே நின்று வீட்டாரை அழைக்க வேண்டும். உள்ளே வர உத்தரவா என்று கேட்க வேண்டும். உள்ளிருந்து "வாங்க" என்று குரல் வருகிறவரை கால் வாசற்படியைத் தாண்டக் கூடாது. பிறகு தொந்தரவுக்கு மன்னிப்பு. பிறகு வீட்டில் உள்ளவர்களின் சுகம், ஒருவர் விடாமல். அதன்பின் "சிரமம் இல்லேன்னா" என்று ஆரம்பித்து, வந்த காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கடைசியில், "முடியலேன்னாலும் வருத்தம் இல்ல." இதில் ஒரு படி தவறினாலும், தரவிருந்த கை மடங்கிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த வரிசைதான். ஆனால் பெல்மீரா சொல்லும்போது அதில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. மூன்றாம் வகுப்புவரை படித்தவள். டாக்டர் ஒரு தை மாதப் பனியில் கோவேறு கழுதைமேல் நனைந்துகொண்டு வந்து இறங்கி, "இந்தம்மா கேட்டா, முடியாதுன்னு சொல்ல எனக்கு வார்த்தையே கிடைக்க மாட்டேங்குது," என்று அலுத்துக்கொண்டார். கூரைக்குக் கற்பலகை வேய்கிற அவள் அண்ணன் அவெலீனோ இந்தப் பேச்சை எத்தனை கூரைமேல் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில், இரண்டாயிரத்து நூற்றுப் பத்தாவது எட்டில், ஆத்துமாக்கள் மாடம் இருக்கிறது. எட்டுகளை எண்ணியது அவெலீனோ. இடுப்புயரக் கருங்கல்லில் குடைந்த ஒரு மாடம். அதற்குள் பதித்த ஓட்டில் தீட்டிய உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள், செத்தபின் பாவம் தீர்ந்து மோட்சம் போகக் காத்திருக்கிறவர்கள், ஐந்து பேர், இடுப்பளவு நெருப்பில், கை கூப்பி, வழியில் போகிறவர்களைப் பார்த்தபடி. அதில் வலது ஓரத்து முகத்தில் பனி வெடித்து, வாய் இருந்த இடம் பெயர்ந்து போயிருந்தது. பெல்மீரா போகும்போதும் வரும்போதும் அங்கே தபால் பையை இறக்கி வைப்பாள். போகும்போது, அன்றைக்கு யாருக்காக என்ன கேட்கப் போகிறாளோ அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். பதினான்கு வருஷமாக, ஞாயிறு நீங்கலாகத் தினமும்.

"ஏண்டி, அங்க நின்னு யாருகிட்டடி பேசுற?" என்று ஒருநாள் பக்கத்து வீட்டு செராஃபீனா கேட்டாள். கணவன் செத்து ஒன்பது வருஷமான விதவை. ஊரில் எதையும் முதலில் அறிகிறவள்.

"அஞ்சு பேரு இருக்காங்களே அக்கா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு வேற என்ன வேலை?"

செராஃபீனா சிலுவை போட்டுக்கொண்டாள். பெல்மீரா சிரித்தாள்.

ஊருக்கு அப்பால், பாறைச் சரிவுக்கு மறுபுறம் இருந்த பழைய தண்ணீர் ஆலையில் எர்மீனியோ தனியாக இருந்தார். அறுபத்தாறு வயது. அவர் வாயில் மொத்தம் மூன்று சொற்கள்தான் என்று ஊரில் சொல்வார்கள்: குடு, வா, நகரு. எழுபத்தேழாம் வருஷம் ஒருநாள், அவர் வேலியில் நிற்காமல், குரல் கொடுக்காமல், சேற்றுக் காலணியோடு நேரே பெல்மீராவின் அடுப்படிக்கு வந்துவிட்டார்.

"ஏணி குடு."

"வெளியில போய் நின்னு கேளுங்க மாமா."

"ஏணி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கேட்டாத்தான் வரும்."

அவர் திரும்பி நடந்தார். பெல்மீராவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்த வாயை வெச்சுக்கிட்டு நீங்க சாகக் கெடந்து கூப்பிட்டாக்கூட ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது," என்று முதுகுக்குப் பின்னால் சொன்னாள். எர்மீனியோ ஒரு விநாடி நின்றார். திரும்பவில்லை. அன்றைக்கு இரவு முழுக்க அந்தப் பேச்சு அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மறுநாள் மறந்தும் போயிற்று.

அந்த மனிதர்தான் எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில் அவள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். கூப்பிடவில்லை. அவளாக வெளியே வந்து பார்க்கிறவரை அரைமணி நேரம் நின்றார்.

"கடுதாசி எழுதணும்."

"யாருக்கு மாமா?"

"லூர்தெஸுக்கு."

பெல்மீரா கதவைத் திறந்துவிட்டாள். லூர்தெஸ் அவருடைய ஒரே மகள். அவருக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. மருமகன் பெயரைக்கூட அவர் ஒருநாளும் உச்சரித்தது கிடையாது.

"என்ன எழுதட்டும்?"

"வான்னு எழுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். வா."

பெல்மீரா அவர் சொன்னதை விட்டுவிட்டுத் தானாக எழுதினாள். எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, வேலைக்கு நடுவுல நேரம் கெடச்சா, இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா? முடியலேன்னாலும் வருத்தம் இல்ல. வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்க."

எர்மீனியோ அடுப்பு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்த மகளுக்கு 'நீங்க'வா?"

"பதினோரு வருஷம் பேசாதவ இப்ப அசலூர்க்காரி மாதிரி. 'நீங்க'தான்."

"அவன் பேச்சு எதுக்கு அதுல?"

"அவரை விட்டுட்டுக் கேட்டா அவ வரமாட்டா மாமா."

அவர் எழுந்து மேசைக்கு வந்தார். கட்டைவிரலை மையில் தொட்டுப் பதித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை பெல்மீரா மாடத்தில் பையை இறக்கி, உறையை ஒட்டுவதற்குமுன் அந்தக் கடிதத்தை ஒருமுறை சத்தமாகப் படித்தாள். நன்றாக வந்திருந்தது. அவளுக்கே பிடித்துப்போய் இன்னொரு முறையும் படித்தாள்.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலையில் மூடுபனி இறங்கியது. நான்கு நாள் விலகவில்லை. பகல் பதினொரு மணிக்கு நீட்டிய கையின் விரல்கள் தெரியாது. பாதைக்குக் கீழே ஓடுகிற ஓடையின் சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்.

நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். மாடத்தின் பக்கம், ஆள் தெரியாமல் ஒரு குரல் உதவி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெனெதோவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நிற்க வேண்டும். அந்த ஆத்துமாவுக்காக, 'எங்கள் பிதாவே' என்கிற பரலோக மந்திரம் ஒன்று சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பதில் மட்டும் சொல்லக் கூடாது. "சொல்லுங்க" என்று பதில் சொன்னவர், அது என்ன கேட்டாலும் செய்து முடிக்கக் கட்டுப்பட்டவர். கேட்பது ஆத்துமாவா, உயிரோடு இருக்கிற ஆளா என்று பிரிக்கவும் வழி உண்டு. உயிரோடு இருக்கிறவனுக்கு ஆபத்து வந்தால் கத்துவான், வைவான், பெயர் சொல்லி அலறுவான். ஆத்துமாதான் தாழ்மையாகக் கேட்கும்.

புதன்கிழமை பிற்பகல், ஊர்ப் பொது அடுப்பில் சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தபோது செராஃபீனா வந்து உட்கார்ந்தாள். முகம் மாவுபோல் வெளுத்திருந்தது.

"எனக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க."

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பெல்மீரா.

"மாடத்துக்கிட்ட வந்துக்கிட்டு இருக்கேன். கேக்குது. தொந்தரவுக்கு மன்னிக்கணுமாம். ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமாம்."

"ஆம்பளைக் குரலா?"

"ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல. பனி பேசுற மாதிரி. நான் பரலோக மந்திரத்தைச் சொல்லிட்டு நடக்கலாம்னு பாத்தா, கடைசியில சொல்லுதுடி, வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்கன்னு." அவள் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரரு செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. அங்க ஒண்ணா இருக்கிறவங்களுக்கு அது தெரியாதா? அப்ப அவரு அங்க இல்லையா? வேற எங்க போனாரு?"

"மோட்சத்துக்குப் போயிருப்பாருக்கா."

"அந்தக் குடிகாரரா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில், கோயிலில் மணியடித்து விளக்கேற்றுகிற கோயில்பிள்ளை கிந்தீனோவும் கேட்டுவிட்டு வந்தார். கல்லறை விளக்குகளுக்கு எண்ணெய் வாங்கப் போனவர், முதல் வாக்கியத்திலேயே ஓட்டம் பிடித்து, மந்திரத்தை ஓடிக்கொண்டே சொன்னாராம். ஓடிக்கொண்டே சொன்னால் செல்லுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்கப் போகிறேன் என்றார்.

காலையில் இறங்கும்போது பெல்மீராவுக்கு ஓடைச் சத்தம்தான் கேட்டது. அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு, நகரத்திலிருந்து திரும்பி வரும்போது அவளே கேட்டாள்.

மாடத்துக்குப் பத்து எட்டு இருந்தது. பனி அசையவில்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றது குரல். அவசரம் இல்லை, அழுகை இல்லை. "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, வேலைக்கு நடுவுல நேரம் கெடச்சா..." ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் வந்து நின்றது. எங்கே மூச்சு எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்தது. தன்னுடைய மேல்சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு எதிரே வருவதுபோல் இருந்தது அவளுக்கு. கல்யாணமே ஆகாத அவளிடமும் கடைசியில் சொன்னது, வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்க என்று.

அவள் மந்திரத்தைச் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக மாடத்தில் பையை இறக்கவில்லை.

"அண்ணே, அது என்னை மாதிரியே கேட்டுச்சு," என்று மாலையில் அவெலீனோவிடம் சொன்னாள்.

"உன்னை மாதிரி யாரால கேக்க முடியும்?" என்றான் அவன், சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே. பிறகு, தங்கையின் முகத்தைப் பார்த்து, பிய்ப்பதை நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை பைக்குள் எர்மீனியோவுக்கு ஒரு கடிதம் இருந்தது. பிரான்சு முத்திரை. பெல்மீரா நகரத்திலிருந்து வண்டிப் பாதை வழியாக ஆலைப் பக்கம் ஏறி வந்தாள். மாடத்து வழியைத் தவிர்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். ஆலை வாசலில் நின்று குரல் கொடுத்தாள். உத்தரவா என்று கேட்டாள். மூன்று தடவை கேட்டாள்.

பதிலுக்குக் கத்தியது ஆடு. கொட்டடியில், மடி கல்லாக இறுகி, கால் அகட்டி நின்றுகொண்டு கத்தியது. இரண்டு மூன்று நாளாகக் கறக்காத மடி. பெல்மீரா வாழ்நாளில் முதன்முறையாக, "வாங்க" என்ற சொல் வராமல் ஒரு வாசற்படியைத் தாண்டினாள். அடுப்புச் சாம்பல் ஈரத்தில் கட்டியாகிக் கிடந்தது. ஆணியில், மழைக்குப் போர்த்துகிற வைக்கோல் போர்வை இல்லை. அரிவாளும் இல்லை. ஆட்டுக்குப் படுக்கைத் தழை அறுக்கச் சரிவுக்குப் போயிருக்கிறார். சரிவின் உச்சியில் இருப்பது மாடம்.

அவள் கையில் கடிதம் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல்லுங்க. அது செராஃபீனாவின் கணவனைக் கேட்டது அல்ல. அது லூர்தெஸின் கணவனை. அந்தக் கடிதம். ஒருமுறை கேட்டதை அந்த மனிதர் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதைப் பேச்சு அதுதான். இந்த வாயோடு கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவள் சொன்னாளே, அதனால் மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார். மரியாதையாகக் கூப்பிட்டதால் யாரும் போகவில்லை. செராஃபீனா ஒரு மந்திரம், கிந்தீனோ ஒரு மந்திரம், அவள் ஒரு மந்திரம். உயிரோடு கிடக்கிறவருக்கு மூன்று பரலோக மந்திரம்.

அவள் ஓடினாள். ஆலையிலிருந்து மாடத்துக்கு மேட்டு வழி; ஒன்பது கிலோப் பையோடு ஓடினாள் என்பது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மாடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கால் தானாக நின்றது. தான் நினைத்தது தவறாக இருந்தால்? இது நிஜமாகவே நெருப்புக்குள்ளிருந்து வருகிற குரல் என்றால்? செராஃபீனாவின் அத்தை ஒருத்தி பதில் சொல்லிவிட்டு, சாகிறவரை இருபத்தாறு வருஷம், ஒவ்வொரு வெள்ளியும் வெறுங்காலோடு பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நடந்தாள். அதை பெல்மீரா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றது குரல்.

மிகப் பக்கத்தில். கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில். அது ஒவ்வொரு படியாக முழுவதும் சொல்லி முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள். கேட்பவர் பேச்சை நடுவில் வெட்டுவது அவள் வழக்கம் இல்லை.

"சொல்லுங்க," என்றாள். "நான் பெல்மீரா. சொல்லுங்க, வரேன்."

குரல் நின்றுவிட்டது. ஓடைச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு எங்கோ ஆழத்தில், தகரத்தைக் கல்லில் தேய்த்தாற்போல் ஒரு கரகரப்பு.

"தபால்காரி."

அவள் செடிகளைப் பற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பழைய வரப்புச் சுவர் ஒன்று சரிந்து கிடந்தது. அதன் கற்களுக்கு அடியில் எர்மீனியோவின் இடது கால். வைக்கோல் போர்வை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுற்றிலும் பச்சையாகக் கடித்துத் தின்ற செஸ்ட்நட் கொட்டைகளின் தோல்கள். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது.

"மேலயே நின்னு கேட்டுக்கிட்டே இருந்தியே," என்றார். "ஒருத்தனும் வரலியா?"

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தாள். தன் போர்வையைக் கழற்றி அவர்மேல் போட்டுவிட்டு ஊருக்கு ஓடினாள். அவெலீனோ வீட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு, கயிற்றோடு வந்தான். மாடத்திலிருந்து அவர் கிடந்த இடம் பதினெட்டுப் பாகம், நூறடிக்குமேல், ஆழம் என்று கயிற்றை வைத்து அவன் பிறகு சொன்னான். நான்கு பேர் கல்லைப் புரட்டினார்கள். முந்தின வருஷம் கிடைக்காத அந்த ஏணியிலேயே அவரைப் படுக்கவைத்துக் கட்டி மேலே இழுத்தார்கள். வழிநெடுக அவர் எல்லோரையும் வைதுகொண்டு வந்தார். சத்தம்தான் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெல்மீரா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறை வாசலில் நின்று உத்தரவு கேட்டாள்.

"வா," என்றார் எர்மீனியோ. தொண்டை கொஞ்சம் திறந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டு. கால் நிற்கும், ஆனால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் உட்கார்ந்தாள். மனசில் வைத்திருந்ததைச் சொன்னாள். "என்னை மன்னிக்கணும் மாமா. அன்னைக்கு அந்த மாதிரி நான் பேசியிருக்கக் கூடாது. அதனாலதானே நீங்க கத்தாம, கடுதாசியில இருந்த மாதிரியே கேட்டுக்கிட்டுக் கெடந்தீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எங்க கேட்டேன்?"

"நாங்க மூணு பேரும் கேட்டோமே."

"மொத நாள் கத்தினேன். என் பாட்டுக்குக் கத்தினேன். எவனாவது வாங்கடா, நாசமாப் போறவங்களான்னு. ஓடைச் சத்தத்துல எவன் காதுலயும் விழல. பொழுது சாயறதுக்குள்ள தொண்டை போச்சு. அதுக்கப்புறம் நீ வந்துட்டே."

"நான் வரல மாமா. வெள்ளிக்கெழமைதான் வந்தேன்."

"பொய் சொல்லாதே. புதன்கெழமையிலேர்ந்து மாடத்துக்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தே. தொந்தரவு, மன்னிப்பு, அது இதுன்னு. உன் பேச்சு எனக்குத் தெரியாதா? சரி, இவ நமக்காகக் கேக்குறா, இவ கேட்டா யாராச்சும் வந்துடுவாங்கன்னு நானும் பேசாமக் கெடந்தேன்."

பெல்மீரா கட்டிலுக்கு நெருக்கமாக நகர்ந்தாள். "அந்தக் கடுதாசி வார்த்தை உங்களுக்கு மனப்பாடம் இல்லையா?"

"அந்த நீட்டுப் பேச்சை எவன் கேட்டான்? நீ படிக்கும்போது நான் அடுப்புல விறகு ஈரமா இருக்கேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"என் குரலேதானா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "வார்த்தை உன்னுது. குரலு... மொதல்ல ஒருத்தர் சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் சேந்து சொன்ன மாதிரி. நாலு பேரு. அஞ்சாவதா ஒண்ணு இருந்துச்சு, அது சொல்லல. வாயை மூடிக்கிட்டு முனகுற மாதிரி, கூடவே வந்துச்சு."

வலது ஓரத்து முகம் அவள் கண்முன் வந்தது. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. பையைத் திறந்து, நனைந்து காய்ந்த பிரான்சுக் கடிதத்தை எடுத்தாள். படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் படித்தாள்.

"அப்பா, கடிதம் கிடைத்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்க உங்களுக்குத் தெரியாது. இது வேறு யாரோ கேட்டது. உங்களுக்கு நான் வேண்டும் என்றால் உங்கள் வாயால் கேளுங்கள்." கீழே ஒரு டெலிபோன் எண் இருந்தது.

பெல்மீரா எழுந்து, வார்டைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரியிடம் போனாள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டாள். கன்னியாஸ்திரியின் சொந்தக் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சிரமம் இல்லை என்றால், மற்ற நோயாளிகளுக்கு இடைஞ்சல் இல்லை என்றால், டெலிபோனை நோயாளியின் கட்டில்வரை இழுக்க முடியுமா என்றாள். கம்பி ஒரு முழம் குறைந்தது. கட்டிலை நகர்த்தினார்கள்.

எர்மீனியோ ரிசீவரை உடைந்த ஓடுபோல் பிடித்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது, எடுத்தார்கள்.

"லூர்தெஸ்," என்றார். பிறகு, "வா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பெல்மீரா தன்னையறியாமல் உதட்டை அசைத்தாள், சிரமம் இல்லேன்னா என்று. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. சுவர் சரிந்து கிடந்த சரிவில்கூட அவர் அவ்வளவு பாடுபட்டிருப்பாரா தெரியாது.

"வா," என்றார் மறுபடி. பிறகு ஒரு மூச்சு எடுத்து, "ஜீல்பெர்த்தோவையும் கூட்டிட்டு வா."

பதினோரு வருஷத்தில் மருமகன் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. டெலிபோனுக்குள் ஒரு பெண் அழுகிற சத்தம் கன்னியாஸ்திரிக்கும் கேட்டது. கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்தார்கள். அந்த வருஷம் ஆலைப் புகைபோக்கியில் ஜனவரி ஆறாம் தேதிவரை புகை நின்றதே இல்லை என்று அவெலீனோ சொல்வான்.

ஆனால் அது பிறகு நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, பெல்மீரா வழக்கம்போல் பையோடு இறங்கினாள். மூடுபனி மறுபடி படிந்திருந்தது. இரண்டாயிரத்து நூற்றுப் பத்தாவது எட்டில் நின்றாள். பையை இறக்கி வைத்தாள். அன்றைக்குக் கிந்தீனோவுக்காக ஒரு மர வியாபாரியிடம் கேட்க வேண்டியிருந்தது. வாய் வரவில்லை.

ஐந்து பேரும் கை கூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வருஷமாக இந்த இடத்தில் எவ்வளவோ கேட்டிருக்கிறாள், மாடு, மருந்து, ஏணி, மன்னிப்பு என்று. கேட்டது கிடைத்ததும் சொல்ல வேண்டிய வார்த்தையை மட்டும் இங்கே சொன்னதில்லை. அதற்கு ஒத்திகை தேவைப்பட்டதில்லை. அதனால் இவர்கள் அதைக் கேட்டதும் இல்லை.

"ரொம்ப நன்றிங்க," என்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்து. "உங்க உபகாரத்தை மறக்க மாட்டேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இருபது எட்டு போயிருப்பாள். பின்னால், பனிக்குள், தாழ்ந்த குரலில், ஒருவர் அந்த நன்றிச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். நடுவில் தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து சொன்னார். பிறகு இன்னொருவர். நான்கு பேரும் சொல்லி முடித்தபின், ஐந்தாவதாக ஒரு முனகல் அதே ஏற்ற இறக்கத்தில் வந்து நின்றது.

பெல்மீரா திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்களா என்று மட்டும், நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, கேட்டுக்கொண்டே போனாள்.